சப்பாத்து தொங்கிய ஆப்பிள் மரம்

சந்திரகாந்தியின் ஆப்பிள் மரத்துக்கு என்ன வந்ததென்று அவளுக்கு விளங்கவேயில்லை. நான்கு வருடம் கூடை கூடையாகக் காய்த்த மரம். கடைசி இரண்டு வசந்தங்களிலும் கிளை தெரியாமல் பூத்தது. பிஞ்சு ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. உறைபனி விழவில்லை, தண்ணீர் குறையவில்லை, தேனீக்களும் வழக்கம்போல இரைந்துகொண்டுதான் திரிந்தன. இப்போது மூன்றாம் வசந்தம். மரம் மறுபடி வெள்ளையாய்ப் பூத்து நின்றது.

"இந்தமுறையும் பிஞ்சு பிடிக்காட்டி வெட்டிப்போட்டு அதிலை கிரில் அடுப்புக் கட்டுவன்," என்றார் கணவர் யோகலிங்கம். மரம் அரியும் வாள்கூட வாங்கியாயிற்று.

கண்ணூறாக இருக்குமோ? அவள் தன் காலில் போட்டுத் தேய்ந்த ஒரு பழைய சப்பாத்தையும் எலுமிச்சங்காயையும் செத்தல் மிளகாயையும் கோத்துக் கிளையில் தொங்கவிட்டாள்.

ஜேர்மனியில், ஸ்டுட்கார்ட்டின் அந்தத் தோட்டத் தொகுதியில் பக்கத்து நிலத்துண்டுக்காரி தேனுஜா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, காய்ச்சிட்டுதே! முப்பத்தெட்டாம் அளவோ?"

"பகிடியை விடு பிள்ளை. என்ரை மரம் போகப்போகுது."

"எப்பயிருந்து காய்க்கேல்லை?"

சந்திரகாந்தி விரலை மடித்தாள். மடித்த விரல் அப்படியே நின்றது. "நீ உன்ரை மரத்தைக் கொண்டுபோன வருசத்திலையிருந்து."

முன்பு தேனுஜாவின் வேலியோரம் ஆளுயர அலங்கார ஆப்பிள் மரம் ஒன்று நின்றது. ரோஜா நிற மொட்டு, வெள்ளைப் பூ, கொட்டைப்பாக்களவில் சிவப்புப் பழம். "வாய்க்கும் உதவாது, என்ரை பாதையெல்லாம் குப்பை," என்று சந்திரகாந்தி ஓயாமல் புறுபுறுத்ததில், தேனுஜா அதை வேரோடு கிளப்பிப் பெரிய சாடியில் நட்டு வீட்டுப் பல்கனிக்குக் கொண்டுபோய்விட்டாள்.

"அப்பிள் தன்ரை இனத்து மகரந்தத்திலை காய்க்காது அக்கா. வேறை இனம் வேணும். இஞ்சை சுத்திவரப் பிளம்ஸும் செரியும்தானே? என்ரை மரம்தான் உங்கட மரத்துக்கு மாப்பிள்ளை. நிறையப் பூக்கும், கனநாள் பூக்கும், அனேகமா எல்லா அப்பிளுக்கும் பொருந்தும்."

"தெரிஞ்சும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனியோ?"

"நீங்கள் கேக்கேல்லையே! இப்ப சொல்லுங்கோ பாப்பம்: தேனுஜாவின்ரை மரம் வடிவு. மூண்டுதரம்."

சொன்னாள். மூன்றாம் தரம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அடுத்த நாள் தேனுஜா கை நிறையப் பூங்கிளைகளோடு ட்ராமில் வந்து இறங்கினாள். சப்பாத்து கீழே வந்தது. ஒரு வாளி மேலே ஏறியது.

மூன்று கிழமையில், பூவெல்லாம் உதிர்ந்தபின், யோகலிங்கம் வாளோடு வந்து பார்த்தார். கிளைகளெங்கும் பஞ்சு படிந்த பச்சைப் பிஞ்சுகள்.

"அப்ப என்ரை கிரில்?"

"தேனுஜாவின்ரை பல்கனியிலை கட்டுங்கோ."

செய்தது இவ்வளவுதான்: ஆப்பிள் பூத்திருந்த நாட்களில், புதிதாக விரிந்த அலங்கார ஆப்பிள் கிளைகளைத் தண்ணீர் வாளியில் நிறுத்தி மரத்தின் நடுவே கட்டித் தொங்கவிட்டார்கள், அந்த மகரந்தத்தைப் பூவுக்குப் பூ தேனீக்கள் கொண்டுபோய்ச் சேர்த்தன.