கேக் வைத்த பரீட்சை

என் கணவருக்கு ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். தூறல் விழுந்தால் வாசலைத் தாண்டமாட்டார். இப்பேர்ப்பட்டவருக்குத்தான் திடீரென்று சாகச ஆசை முளைத்தது. சோபாவில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, யார் யாரோ ஜீப்பில் ஆற்றைக் கடக்கும் வீடியோக்களை மாதக்கணக்கில் பார்த்ததன் பலன்.

“கூரையக் கழட்டிக்கலாம். உள்ள தாராளமா இடம் இருக்கு. காடு மலை எங்க வேணா போகும்,” என்றார், போனில் ஒரு ஜீப்பைக் காட்டி.

“காட்டுல போய் என்ன பண்ணப் போறீங்க?”

“வாழ்க்கைன்னா ஒரு த்ரில் வேணும். உன் வேனக் கொடுத்துட்டு இத எடுத்துக்கலாம். கேக்கையெல்லாம் இதுலயே வச்சுக்கயேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணங்களுக்கு அடுக்கு கேக் செய்து கொடுப்பது என் தொழில். வேன் போனால் தொழிலும் போச்சு. ரோஸ் நிற வேன், இரண்டு பக்கமும் பெரிய கேக் படம். அதில் ஏறினால் இவருக்கு மானம் போகிறதாம். என்றாவது கொண்டுபோய் விட்டால், ஆபீஸுக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொள்வார். அந்த வேன் போடும் சோற்றைத் தின்ன மட்டும் மானம் தடுக்கவில்லை. அதற்குள் ஆபீஸ் முழுக்க, திறந்த ஜீப்பில் வந்திறங்கப் போவதாகத் தம்பட்டம் அடித்தும் வைத்திருந்தார்.

எந்த வண்டியானாலும், எந்த டிரைவரானாலும் நான் ஒரே ஒரு பரீட்சைதான் வைப்பேன். விற்காத அடுக்கு கேக் ஒன்றைப் பின்னால் ஏற்றி ஒரு சுற்று போய்வர வேண்டும். கேக் சாய்ந்தால் வண்டி சரியில்லை, இல்லாவிட்டால் ஓட்டுகிறவர் சரியில்லை. இவர் நச்சரிப்பு தாங்காமல் ஜீப்பைப் பார்க்க ஷோரூமுக்குப் போனபோதும் கேக்கோடுதான் போனேன். இவர் என்னைத் தெரியாதவர்போலத் தள்ளி நின்றார்.

“சார், உங்க பர்சனாலிட்டிக்குன்னே செஞ்ச வண்டி,” என்றார் விற்பனையாளர். தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு இவர் நிமிர்ந்து நின்ற அழகைப் பார்க்க வேண்டுமே.

கூரையைக் கழற்றி, பின் சீட்டை மடக்கி, நானும் விற்பனையாளரும் கேக்கை மேலிருந்து நேராக இறக்கி வைத்தோம். வேனில் மண்டியிட்டு, இடுப்பொடியத் தள்ளிப் பழகிய எனக்கு அது ஒன்று மட்டும் பிடித்திருந்தது. வெளியே சொல்லவில்லை.

ஷோரூமுக்குப் பின்னால் மேடும் பள்ளமுமாக ஒரு மண் பாதை. இவர்தான் ஓட்டினார், பக்கத்தில் நான். முதல் பள்ளத்தில் பேச்சு நின்றது. அடுத்த மேட்டில் தூசி மூக்கில் ஏறி, தும்மல் வரிசை கட்டியது. அதற்கடுத்த பள்ளத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வேலியோரம் ஓடி, காலையில் தின்றதையெல்லாம் கக்கினார். பரிதாபப்பட்டிருக்கலாம்தான். என் வேனை விற்கப் பார்த்த மனிதர்மேல் எனக்குப் பரிதாபம் வரவில்லை.

விற்பனையாளர் ஷோரூமிலிருந்து தண்ணீர் பாட்டிலோடு அவரிடம் ஓடினார். பின்னால் பார்த்தேன். மேலடுக்கு சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்தி வைத்துவிட்டு நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கேக்கோடு ஓட்டிப் பழகிய கால், பிரேக்கை மெத்தென்று மிதித்தது. பாதை முழுவதையும் சுற்றி வந்து பார்த்தால், ஒரு கிரீம் பூகூட அசையவில்லை. மலைமேல் இருக்கும் விடுதியிலிருந்து வந்த ஆர்டர்களை, வேன் ஏறாது என்று நான் திருப்பி அனுப்பியதெல்லாம் நினைவுக்கு வந்தது. பரீட்சையில் தோற்றது வண்டி இல்லை.

“யார் பேர்ல போடட்டும் மேடம்?” என்றார் விற்பனையாளர்.

“என் பேர்ல.”

வெளிறிக் கிடந்த கணவர் முகத்தில் உயிர் வந்தது. “அப்ப வேனக் கொடுத்துடலாம்ல?”

“அத எதுக்குக் கொடுக்கணும்? இது எனக்கு. நீங்க ஆபீஸ் போக வண்டி வேணாமா?”

அவர் மெல்லக் கேட்டார். “அந்தக் கேக் படத்தையாவது அழிச்சிடலாமா?”

“அது பாட்டுக்கு இருக்கட்டும். எனக்கும் விளம்பரமாச்சு,” என்றேன். “ஆபீஸ் வாசல்லயே நிறுத்துங்க.”