விரிப்பின் மறுமுனை

1

ஒரு மருத்துவமனையின் பின்கட்டுச் சலவைக்கூடத்தில் இரண்டு பெண்கள் படுக்கை விரிப்பு மடிப்பதைப் பார்த்தேன். ஒருத்தி ஏதோ சொன்னாள். எதிரே நின்றவள் பதிலுக்கு ஏதோ சொன்னாள். நம் பேச்சு இல்லை அது. வாசல் காவலாளியைக் கேட்டேன்.

"பிரெஞ்சு படிக்குதாம் சார். பரீட்சையாம்."

எனக்குக் கிடைத்த சரக்கு அவ்வளவுதான். மீதி நானாகக் கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: நீராவியின் வெண்மைக்குள் அவள் ஒரு கனவைப் போல நின்று—

அடித்துவிட்டேன். நீராவிக்குள் நின்று வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அங்கே கனவெல்லாம் வராது. வேர்க்குரு வரும்.

அடுத்த தொடக்கம்: அவளுக்கு முழங்கால் வலித்தது.

இது நிற்கும்.

2

மடிப்புக்காரி என்றே கூப்பிடுவோம். உருளை இயந்திரம் தேய்த்துச் சுடச்சுடத் துப்பும் விரிப்பின் ஒரு முனையை அவள் பிடிப்பாள். மறுமுனையில் அவள் நாத்தனார். விறைப்பாக இழுப்பார்கள், நடுவில் கூடுவார்கள், முனையைக் கைமாற்றிக்கொண்டு பின்வாங்குவார்கள், மறுபடி கூடுவார்கள். நாள் முழுக்க நின்ற நிலை. முழங்காலைத் தட்டிப் பார்த்த டாக்டர், "உக்காந்து செய்யுற வேலையா பாரும்மா" என்றார், ஏதோ மருந்துக்கடையில் போய்க் கேட்டால் கொடுப்பார்கள் என்பது போல.

அவள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். மொழிபெயர்ப்பு அலுவலகம் ஒன்றில் ஆள் எடுத்தார்கள். பிரெஞ்சுச் சான்றிதழ் கேட்டார்கள். சான்றிதழுக்கு வாய்மொழித் தேர்வு. ஒரு முறை தவறிவிட்டாள். இன்னொரு முறை தவறினால் அப்புறம் அந்தப் படியேற விடமாட்டார்கள்.

[சலவைக்கூடத்தில் நிற்கிறவள் பிரெஞ்சு படிப்பாளா என்று ஒரு நண்பர் கேட்டார். இதே மாதிரிப் பெண்களைச் சாகடித்தும் ஓடிப்போக வைத்தும் நான் எழுதியிருக்கிறேன். அப்போது அவர் ஒன்றும் கேட்டதில்லை.]

3

அவளைப் போன தடவை கவிழ்த்தது ஒரு வினை வடிவம். 'முடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு வேலையை முன்பே முடித்திருக்க வேண்டுமே என்று இன்னொருவர் தவிக்கிறார். முடித்தாரா இல்லையா, அது வேறு கதை. அந்தத் தவிப்பைச் சொல்ல 'நான்' தொடங்கி 'அவர்கள்' வரை ஆறு உருவம். பிரெஞ்சுக்காரர்களே பேச்சில் இதைத் தொடுவதில்லை. பழைய எழுத்தில் கிடக்கிறது. தேர்வு வைப்பவர்களுக்கு மட்டும் இது இல்லாமல் தூக்கம் வராது.

புத்தகத்தில் ஏறாததை அவள் விரிப்பில் ஏற்றினாள்.

"கு ஜ்யூஸ் ஃபினி" என்றாள், முனையை இழுத்தபடி.

"காலங்காத்தால ஜூஸா? இங்க டீக்கே வழியக் காணோம் அண்ணி."

"வாய மூடுடி. 'நான்' ஆச்சு. அடுத்தது 'நீ'. நான் சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லு."

"என்னமோ சாமியாடுற மாதிரியே இருக்கு. சரி, சொல்லு."

நாத்தனார் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவள். ஆனால் காதில் விழுந்தது தங்கிவிடும். கொஞ்ச நாளில் வேலையும் பாடமும் ஒன்றாகப் போய்விட்டன. இழுக்கும்போது இவள் ஒன்று, கூடும்போது அவள் ஒன்று. "கு தியூ யூஸ் ஃபினி" அவள். "கீல் யூ ஃபினி" இவள். "கு நூஸ்யூஸியோன் ஃபினி" அவள். "கு வூஸ்யூஸியே ஃபினி" இவள். கடைசி மடிப்பில் விரிப்பை மார்போடு வாங்கிக்கொண்டு நாத்தனார் கூடமே அதிரக் கத்துவாள்:

"கீல்ஸ்யூஸ் ஃபினி! போடு அடுத்தத!"

4

தேர்வு அறையில் ஒரு நீள மேசை, நீல மேசை விரிப்பு, தண்ணீர் ஜாடி. மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒருவரும், மதிப்பெண் போடும் அம்மா ஒருவரும். அதே வடிவத்தைத்தான் கேட்டார்கள்.

"கு ஜ்யூஸ் ஃபினி" என்றாள் மடிப்புக்காரி.

நிறுத்தினாள். எதிரிலிருந்து அடுத்தது வரும் என்று காத்தாள். கண்ணாடிக்காரரும் காத்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவள் சொன்னது பாதி. மறுபாதி நாத்தனார் வாயில் இருக்கிறது. நாத்தனாரோ சலவைக்கூடத்தில்.

"வேற ஒண்ணு சுலபமா கேக்கட்டுமா?" என்றார் கண்ணாடிக்காரர், இரக்கத்தோடு. "பாதி மார்க்தான் வரும்."

"பாதி என்னத்துக்கு ஆகும் சார்? இதையே சொல்றேன்."

5

கதைக்கு நான் யோசித்த முடிவுகள்.

நாத்தனார் வேலையைப் போட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்து கதவைத் திற— சினிமா. சலவைக்கூட மேற்பார்வையாளர் விடவும் மாட்டார்.

மேசை விரிப்பின் ஒரு முனையை அவள் கண்ணாடிக்காரரிடம் நீட்டுகிறாள். அவரும் வேகத்தில் மறுபாதியைச் சொல்லிவிடுகிறார். (அப்படியானால் தேறியது அவர்.)

தலை குனிந்து வெளியே வந்து, மாலை வெயிலில்— இது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு எழுத வரும். எழுதியும் பார்த்தேன். அவளைக் கதவு வரைக்கும்கூட நகர்த்த முடியவில்லை.

6

அவள் எழுந்தாள். "ஒரு நிமிஷம் சார்" என்று ஜாடியையும் காகிதங்களையும் தரையில் இறக்கி வைத்தாள். விரிப்பை உருவினாள். ஒரு முனையை ஜன்னல் கொக்கியில் மாட்டினாள்.

(துணைக்கு ஆள் வராத நாளில் சலவைக்கூடத்தில் இப்படித்தான் செய்வார்கள். துணியைத் தாடைக்கடியில் அழுத்திப் பிடித்தும் மடிக்கலாம். ஆனால் வாய் பேச முடியாது.)

"என்னம்மா பண்றே?" என்றார் மதிப்பெண் போடும் அம்மா.

"மடிக்கிறேன்ம்மா. சொல்லிக்கிட்டே."

ஜன்னல் பக்கம் நடந்துபோய் நாத்தனார் ஆனாள். அதே கட்டைக் குரல், அதே இடுப்பு ஒடிப்பு: "கு தியூ யூஸ் ஃபினி." இந்தப் பக்கம் வந்து தானாகி அடுத்ததைச் சொன்னாள். மறுபடி ஜன்னல். மறுபடி இங்கே. ஒவ்வொரு திரும்பலிலும் முழங்கால் சொடுக்கிட்டது. நாற்காலி இருந்தும் அவள் உட்காரவில்லை.

ஐந்து உருவம் ஆயிற்று. கொக்கியிலிருந்து கழற்றி விரிப்பை மார்போடு வாங்கிக்கொண்டாள். ஆறாவது பாக்கி. உதடு பிரிந்தது. அங்கேயே நிற்கிறாள்.

நான் எடுத்துக் கொடுத்தால் அது பிச்சை. ஆனால் நாத்தனார் கத்தியபோது நீங்களும் அந்தக் கூடத்தில்தான் நின்றீர்கள், காதில் விழுந்திருக்கும். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொல்லுங்கள்.

அவள் உட்காரட்டும்.