இருந்தபடியே மாட்டிய குழாய்கள்

அக்கா மறுபடி வண்டி ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வலது முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து, ஊன்றுகோலைக் கதவுக்குப் பின்னால் சாத்திவைத்த பிறகு வந்த முதல் நல்ல செய்தி அது. கூடவே ஒரு கட்டுப்பாடும் வந்தது: வலது காலால் எதையும் பலங்கொடுத்து மிதிக்கக் கூடாது. வேறு வண்டியாக இருந்தால் இது ஒரு பேச்சே இல்லை. அக்காவின் வண்டியிலோ பிரேக்கை மிதிக்க இரண்டு ஆள் பலம் வேண்டியிருந்தது.

அது ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு போன வண்டி. நீளமான முன்புறம், சோபா போன்ற இருக்கைகள், கை படுகிற இடமெல்லாம் மெருகேற்றிய மரம், டீசல் எஞ்சின். கியர் தானாக மாறும். அக்கா அதைப் பழையதாகத்தான் வாங்கினாள். விற்றவர் எதைக் கேட்டாலும் “சின்ன வேலைதாங்க” என்றார். அந்தச் சின்ன வேலைகளில் இரண்டு இன்னும் தீரவில்லை. பிரேக் முதல் மிதிக்கு இளகிக்கொடுக்கும், அடுத்தடுத்த மிதிக்குக் கல்லாகிவிடும். சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் எஞ்சின் உடனே நிற்காது. கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டுத்தான் அடங்கும்.

அக்காவின் கணவர் அந்த வண்டிக்கு ‘மாமனார்’ என்று பெயர் வைத்திருந்தார்.

“உங்கப்பா மாதிரியே இருக்கு. போதும்னு சொன்னாலும் பேச்சு ஓயாது.”

“எங்கப்பா பேசினா கேக்கறதுக்காவது ஆள் இருந்துச்சு. உங்கப்பா வாயத் தொறந்தா வீடே காலியாயிடும்,” என்பாள் அக்கா.

அத்தான் மின்தூக்கிகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஆய்வாளர். எந்தக் கம்பி எப்போது அறும் என்று நினைத்துப் பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர். அக்கா நகரின் மறுகோடியில் உள்ள கண் மருத்துவமனையில் பார்வையைச் சோதித்துக் கண்ணாடிக்கு அளவு எழுதிக் கொடுப்பவள். திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். அத்தான் தன் முடிவைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்லிவிட்டார்.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் பக்கத்துல உக்காந்து பாப்பேன். பிரேக் சரியா இருக்கணும், சாவியத் திருப்பினா எஞ்சின் நிக்கணும். ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் மாமனார வித்துடலாம். நீ என் வண்டியிலயே வா, என் வண்டியிலயே போ.”

அவர் சொன்னதில் கோபமில்லை, அன்புதான் இருந்தது. அதனாலேயே எதிர்த்துப் பேச அக்காவுக்கு இடமில்லாமல் போயிற்று. அத்தானின் வேலை எப்போது முடியும் என்று அத்தானுக்கே தெரியாது. மருத்துவமனையில் மருந்துக் கவுண்டருக்கு எதிரே உள்ள பெஞ்சில் அவருக்காகக் காத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, காவலாளி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் தன்னை அவள் நினைத்துப் பார்த்தாள். அன்று மாலையே தம்பிக்குப் போன் செய்தாள்.

தம்பி பம்ப் உதிரிபாகக் கிடங்கில் பொறுப்பாளர். கையில் எது கிடைத்தாலும் அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டி எண் போடாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. வீட்டில் உப்பு டப்பாவிலும் ‘உப்பு’ என்று ஒட்டியிருக்கும்; அது கண்ணாடி டப்பா. அத்தான் அவனுக்குக் கேலியாக வைத்த பெயர் லேபிள்.

சனிக்கிழமை காலை லேபிள் ஒரு பையோடு வந்து இறங்கினான். பையில் புது ரப்பர் குழாய்ச் சுருள், வெள்ளை ஒட்டுநாடா, மை அழியாத பேனா. வண்டிக் கொட்டகையில் அக்கா பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காலைக் கவிழ்த்த வாளிமேல் நீட்டி உட்கார்ந்தாள்.

“ரெண்டு கோளாறுக்கும் ஒரே எடம்தான்க்கா,” என்றான் எஞ்சின் மூடியைத் தூக்கி நிறுத்தியபடி. “இந்த வண்டியில எஞ்சினோட சேர்ந்து ஒரு பம்ப் ஓடுது. காத்த உறிஞ்சும். அதத்தான் வேக்குவம்னு சொல்றாங்க. பிரேக் மிதிக்கறப்ப உன் காலுக்குத் துணையா இழுக்கறது அதுதான். நாலு கதவையும் ஒரே சாவியில பூட்டறதும் அதுதான். டீசல அடைச்சு எஞ்சின நிறுத்தறதும் அதுதான்.”

“ஒரு ஆளே எல்லா வேலையும் செய்யறான்.”

“ஆமா. எங்கயோ குழாய் வெடிச்சு உறிஞ்சல் ஒழுகுது. குழாயெல்லாம் கருவாடா காஞ்சு கெடக்கு பாரு. மொத்தத்தையும் மாத்திட்டா முடிஞ்சது.”

அவன் வேலை செய்த விதத்தைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒவ்வொரு குழாயின் இரண்டு முனையிலும் ஒட்டுநாடா சுற்றி எண் எழுதினான். அது போய்ச் சேரும் இடத்திலும் அதே எண்ணை எழுதினான். பிறகுதான் கழற்றினான். பழைய குழாயின் நீளத்துக்கே புதியதை வெட்டி, எண் பார்த்து, இருந்த இடத்திலேயே மாட்டினான். ஒன்றுகூடக் கைமாறவில்லை. மதியம் தாண்டி நிமிர்ந்தபோது, எஞ்சின் அறை புதுச் சட்டை போட்டதுபோல் இருந்தது.

அக்கா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். பிரேக்கை மிதித்தாள். இளகியது. மறுபடி மிதித்தாள். இறுகியது. மூன்றாவது மிதி கல். சாவியை அணைத்தாள். எஞ்சின் தன் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டே இருந்து, மனம் வந்தபோது நின்றது.

டீ டம்ளரோடு கொட்டகை வாசலுக்கு வந்த அத்தான் காதைக் கொடுத்துக் கேட்டார். “மாமனார் இன்னும் முடிக்கலயா? புதுச் சட்டை போட்டதும் சந்தோஷத்துல ரெண்டு வார்த்தை சேத்துப் பேசறார் போல.”

லேபிள் எண்களை மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தான். எல்லாம் சரியாக இருந்தன. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அன்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா கேட்டாள். “டேய், நீ ஒவ்வொண்ணும் எங்க இருந்துச்சுன்னு எழுதி வச்சுக்கிட்ட. அது இருக்க வேண்டிய எடத்துலதான் இருந்துச்சுன்னு உனக்கு யார் சொன்னது?”

“இருந்தது இருந்தபடி மாட்டறதுதான்க்கா முறை.”

“என்கிட்ட பழைய கண்ணாடியக் கொண்டாந்து, இதே அளவுல புதுசு குடுங்கம்மான்னு கேக்கறவங்க உண்டு. தலைவலின்னுதான் வந்திருப்பாங்க. தலைவலியே அந்தக் கண்ணாடியாலதான்னு சொன்னா நம்ப மாட்டாங்க.”

அத்தான் சிரித்தார். லேபிள் தட்டைப் பார்த்தபடியே மென்றான். “அப்போ வாங்கறதுக்கு முன்னாடியே எவனோ மாத்தி மாட்டியிருக்கான். நான் அவன் தப்பப் படி எடுத்து வச்சிருக்கேன்.”

“அழகாப் படி எடுத்திருக்கடா. அத நான் கொற சொல்லல.”

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் எண்களை விட்டுவிட்டார்கள். அக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள்; எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி குறட்டின் வாயில் துணி சுற்றி, ஒவ்வொரு குழாயாக நசுக்கிப் பிடித்தான்.

“இப்ப?”

“கல்லு.”

“இப்ப?”

“கல்லேதான்.”

“இதுக்கு?”

சத்தம் இல்லை.

“அக்கா, தூங்கிட்டியா?”

“இருடா, இன்னொரு தடவ மிதிக்கறேன்... டேய், வெண்ணெய்! வெண்ணெய் மாதிரி போகுது!”

அவன் நசுக்கிப் பிடித்திருந்தது கதவுப் பூட்டுகளுக்குப் போகும் குழாய். எந்தக் கதவு என்று பார்க்க, நான்கு கதவுகளுக்கும் பிரியும் குழாய்களைக் கழற்றி ஒவ்வொன்றையும் வாயால் உறிஞ்சி நாக்கை வைத்து மூடினான். நல்ல குழாய் நாக்கைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் அத்தான் வந்து, நாக்கில் குழாய் தொங்க நிற்கும் மைத்துனனை மேலும் கீழும் பார்த்தார்.

“இவனுக்கு என்ன ஆச்சு?”

“மாமனாருக்கு வைத்தியம் பாக்கறான்,” என்றாள் அக்கா.

பின்பக்க இடது கதவின் குழாய் மட்டும் நாக்கைப் பிடிக்கவில்லை. உள்ளே பூட்டை இழுக்கும் ரப்பர்ப் பை கிழிந்திருந்தது. இத்தனை பழைய வண்டிக்கு அந்தப் பை உடனே கிடைக்காது. தம்பி அந்தக் குழாயின் வாயில் ஒரு திருகாணியைச் செருகி அடைத்தான். அந்தக் கதவைக் கையால் பூட்டிக்கொள்ளலாம். பிரேக் இளகியது, இளகியே இருந்தது. அக்கா விடாமல் மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி. எஞ்சின நிறுத்து,” என்றார் அத்தான்.

எஞ்சின் உடனே நிற்கவில்லை. முணுமுணுத்துத்தான் நின்றது.

“பிரேக்தான் சரியாயிடுச்சே அத்தான்.”

“மச்சான், நான் கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காத. இன்னைக்கு ஒரு கதவு கிழிஞ்சிருக்கு, அடைச்சுட்ட. நாளைக்கு இவ போயிட்டிருக்கறப்ப இன்னொரு கதவு கிழிஞ்சா? நடு ரோட்டுல பிரேக் கல்லாயிடும். இவ முழங்கால வச்சு என்ன செய்வா?” அவர் குரலை உயர்த்தவில்லை. “இதே நெலமையில ஒரு லிப்ட் இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

அவர் உள்ளே போனார். அவர் சொன்னதில் பிழை இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. அக்கா இறங்கி வந்து, எஞ்சின் அறையின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள்.

“கதவு கிழிஞ்சா பிரேக் போற மாதிரி எவனாவது வண்டி செய்வானா?” என்றாள் மெதுவாக. “பெரிய பெரிய ஆளுங்க போன வண்டி. செஞ்சவன் இத யோசிக்காமலா விட்டிருப்பான்? பிரேக் குழாய்லேருந்து கதவுக்கு எங்க பிரியுது?”

தம்பி காட்டினான். பம்பிலிருந்து பிரேக்குக்குப் போகும் தடித்த குழாயின் நடுவே ஒரு பிளாஸ்டிக் இணைப்பு. அதிலிருந்து இரண்டு சிறு மூக்குகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் கதவுக் குழாய், இன்னொன்றில் எஞ்சினை நிறுத்தும் குழாய். இரண்டு மூக்கும் வெளிப்பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்.

“ரெண்டையும் கழட்டு.”

அக்கா வேலைக்கு எடுத்துப்போகும் சிறு டார்ச்சைக் கொண்டுவரச் சொல்லி, உள்ளே அடித்துப் பார்த்தாள். தையல் ஊசி ஒன்றையும் கேட்டு வாங்கினாள். ஒரு மூக்கில் ஊசி தாராளமாக உள்ளே போயிற்று. மற்றதில் முனை மட்டும் நுழைந்து நின்றது.

“அழுக்கு அடைச்சிருக்கு! அதான் எஞ்சின் லேட்டா நிக்குது,” என்றான் தம்பி. “குடு, குத்தி விடறேன்.”

“குத்தாத!” அக்கா அவன் கையைத் தட்டிவிட்டாள். “இங்க பாரு. வட்டமா, நட்ட நடுவுல இருக்கு ஓட்டை. அழுக்கு இவ்வளவு அழகா அடைக்குமா? இது வேணும்னே சின்னதா வச்சது.”

அவன் குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்தபோது அவன் முகம் மாறியிருந்தது.

“கதவுக்குத்தான்க்கா இந்தச் சின்ன ஓட்டை. கதவு கிழிஞ்சாலும் இது வழியா ஒரு இழைதான் ஒழுகும். அதப் பம்ப் சமாளிச்சுடும், பிரேக்குக்கு ஒண்ணும் ஆகாது. எஞ்சின நிறுத்தறதுக்குத்தான் பெரிய ஓட்டை, திருப்பினதும் நிக்கணுமில்ல? எவனோ ரெண்டையும் மாத்திப் போட்டுட்டான்.”

“நீ அதுக்கு நம்பர் குடுத்து நிரந்தரமாக்கிட்ட.”

“சொல்லு, சொல்லு. இன்னைக்கு உன் நாள்.”

குழாய்களை இடம் மாற்றி மாட்டச் சில நிமிடங்கள்தான் ஆயின. பழைய ஒட்டுநாடாக்களை உரித்துக் கீழே போட்டான். கை பழக்கத்தில் புதியதை எடுத்து, எழுதப் போய், பேனாவை மூடினான். “மொதல்ல பாக்கலாம். அப்புறம் எழுதறேன்.”

அக்கா சாவியைத் திருப்பி எஞ்சினை ஓடவிட்டாள். திருப்பி அணைத்தாள். சட்டென்று நின்றது. கொட்டகையில் விழுந்த அமைதி புதிதாக இருந்தது. உள்ளேயிருந்து அத்தானின் குரல் வந்தது: “என்ன, மாமனார் கோவிச்சுக்கிட்டாரா?”

அவர் வந்து, எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு நேராகப் பின்பக்கக் கதவிடம் போய், தம்பி செருகியிருந்த திருகாணியைத் தானே பிடுங்கி எடுத்தார். திறந்த குழாய் காற்றை விழுங்கும் சத்தம் ஸ்ஸென்று கேட்டது.

“இப்ப ஓடட்டும். மிதி.”

அக்கா மிதித்தாள். வெண்ணெய். மறுபடி மிதித்தாள். அத்தான் அவள் பக்கத்துக் கதவைத் திறந்து, குனிந்து, பெடலைத் தன் கையாலேயே அழுத்திப் பார்த்தார். பிறகு திருகாணியைப் பழையபடி செருகினார்.

மாலையில் மூவரும் கிளம்பினார்கள். அத்தான் பக்கத்து இருக்கையில், தம்பி பின்னால். தெரு முனையில் அக்கா பிரேக் மிதித்தபோது அத்தானின் வலது காலும் தரையை அழுத்தியது. இல்லாத பெடலை அவர் மிதித்துக்கொண்டே வந்தார். மேம்பாலத்து இறக்கத்தில் அவர் கால் கட்டைவிரல் செருப்புக்குள் சுருண்டதைப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த தம்பி, சிரிப்பை அடக்கிக்கொண்டான். இறக்கம் முடியும் இடத்தில் ஒருவர் சைக்கிளில் திடீரென்று குறுக்கே திரும்பினார். அக்கா மிதித்தாள். வண்டி குலுங்காமல், கிறீச்சிடாமல், சைக்கிளுக்கு ஓர் ஆள் தூரம் இருக்கும்போதே நின்றது. சைக்கிள்காரர் திரும்பிப் பார்க்கவுமில்லை.

“வலிச்சுதா?” என்றார் அத்தான்.

“எது?”

“முழங்கால்.”

“ஓ. அதுவா. மறந்தே போச்சு.”

அதற்குப் பிறகு வந்த சிக்னலில் வண்டி நின்றபோது அத்தானின் கால் அசையவில்லை. கடைவீதி வந்ததும் அவர் ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

“பல்பு வாங்கணும். நான் நடந்து வந்துக்கறேன். நீ வீட்டுக்குப் போ.”

“எந்த பல்புங்க?”

“ஏதோ ஒரு பல்பு.” கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர் பின்பக்கம் திரும்பினார். “மச்சான், நீயும் எறங்கு.”

“நான் எதுக்கு அத்தான்? என் பையெல்லாம் வண்டியில இருக்கு.”

“பை எங்கயும் போகாது. எறங்குன்னா எறங்கு.”

இருவரும் நடைபாதையில் நின்றார்கள். அக்கா கண்ணாடியில் பின்னால் பார்த்து, விளக்கைப் போட்டு, மெல்ல நெரிசலில் கலந்தாள். வீட்டுக்கு இடதுபுறம் திரும்ப வேண்டும். அவள் நேராக, நாளை வேலைக்குப் போக வேண்டிய கண் மருத்துவமனைச் சாலையில் போனாள்.