அஞ்சலாட்சி மூடாத குழாய்

1954 நவம்பரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுநாள் காலை, முதலியார்பேட்டைத் தெருக்குழாயடிக்கு ஒரு போலீஸ் உடுப்பு ஆள் இல்லாமல் நடந்து வந்தது. தொப்பி, பித்தளைப் பொத்தான் வைத்த சட்டை, பூட்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. உள்ளே தலையோ கைகாலோ இல்லை. அன்று தெருவில் மண்ணெண்ணெய் விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். "எட்டு மணிக்குக் குழாய மூடணும்" என்றது காலரிலிருந்து வந்த குரல். சட்டைக்கை நீட்டிய குழாய்ச் சாவியை, வரிசையில் முதலாவதாக நின்ற அஞ்சலாட்சி வாங்கிக்கொண்டாள்.

மூன்றரை வருஷம் அவள் மூடினாள். எத்தனை குடம் காலியாகக் காத்திருந்தாலும், எட்டு மணி மில் சங்கு ஊதியதும் அவள் கை தானாகச் சாவியைத் திருகும். வைதவர்களிடம், "நான் என்னாத்த பண்றது, அவுரு சொல்றாரு" என்பாள். அப்படிச் சொன்னதும் உடம்பு லேசாகிவிடுவதை அவளே கவனித்திருக்கிறாள். முதலில் சண்டை போட்ட ஜெயம்கூட, மற்றவர்கள் பேசாமல் போவதைப் பார்த்துத் தானும் போகப் பழகிக்கொண்டாள்.

1958 சித்திரையில் வாந்திபேதி வந்தது. மகளைப் படுக்கையில் விட்டுவிட்டு ஓடிவந்த ஷாஜாதியின் குடத்தில் ஒரு சாண் தண்ணீர் விழுவதற்குள் சங்கு ஊதிவிட்டது.

"மூடு" என்றது உடுப்பு.

"கொழந்த நாக்கு வறண்டு கெடக்குதுக்கா."

"நானா மூடுறேன்? அவுரு சொல்றாரு."

"சொல்றது அவுரு. மூடுறது ஒன் கையிக்கா."

அஞ்சலாட்சி கையைப் பார்த்தாள். காய்ப்பு விழுந்த, விரல் மூட்டு வீங்கிய, அவளுடைய கைதான். அதைச் சாவியிலிருந்து எடுத்துவிட்டாள். ஏதோ தலையில் விழப்போகிறது என்று குனிந்து நின்றாள். "மூடு" என்று மறுபடி கேட்டது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஜெயம் வந்து அவளை ஒட்டி நின்றாள். பிறகு இன்னும் நாலு பேர் வந்தார்கள். மூன்றாம் தரம் உடுப்பின் குரல் இறங்கிவிட்டது.

"அப்ப நான் என்ன செய்யறது?"

"இந்தக் கொடத்தத் தூக்கிக்கினு போயி ஷாஜாதி வூட்டுல வையி" என்றாள் அஞ்சலாட்சி.

தூக்கிக்கொண்டு போனது.

குழந்தை பிழைத்துக்கொண்டாள். அதன் பிறகு முடியாதவர்கள் வீட்டுக்கெல்லாம் உடுப்புதான் தண்ணீர் சுமந்தது. வெள்ளிக்கிழமைகளில் அதைத் துவைத்துக் காயப்போடுவார்கள். அன்று மட்டும் அதற்கு வேலை இல்லை. 1962இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, வீடுகளைக் கணக்கெடுக்க வந்த இரண்டு அதிகாரிகள் அதைக் கண்டதும் விறைத்து நின்று சல்யூட் வைத்தார்கள்.

"அவுரு கையில கொடம் இருக்குது, வழிய வுடுங்க" என்றாள் அஞ்சலாட்சி.

விட்டார்கள்.