கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சீட்டு

அந்தக் குடும்பத்தில் யாரும் யார் முன்னாலும் கைகட்டி நின்றதில்லை. பெரியவர் மட்டும் முப்பத்திரண்டு வருடம் நின்றார். அது நீதிமன்றத்தில், பெஞ்ச் கிளார்க்காக, நீதிபதியின் மேடைக்குக் கீழே நின்றது. அது கணக்கில் வராது.

இன்று அதே கட்டடத்தில், இரண்டாம் மாடியில், அவர் மகள் மேடைமேல் உட்காரப் போகிறாள். பத்து வருடம் வக்கீலாக வாதாடியவர்கள்தான் அந்த நீதித்துறை அதிகாரி பதவிக்கு மனுப் போடலாம். எழுத்துத் தேர்வு, நடத்தை விசாரணை, அதன்பின் ஐந்து நீதிபதிகள் வரிசையாக உட்கார்ந்து குடைந்தெடுத்த நேர்காணல். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நின்ற இடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் நியமனம் கிடைத்தது.

பெரியவரின் மைத்துனருக்கு அது போதவில்லை.

"நியமிச்ச அதிகாரிதானே அத்தான்? ரெண்டு கட்சியும் கையெழுத்துப் போட்டாத்தானே கேஸையே கேக்க முடியும்? அரை ஜட்ஜுன்னு சொல்லுங்க."

உண்மையாக இருந்ததால்தான் அது சுருக்கென்று தைத்தது. சில்லறை வழக்குகளில் அவள் சொல்வதே தீர்ப்பு. மற்றவற்றை அவள் விசாரிக்க இரு தரப்பும் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் வழக்குக் கட்டு நிரந்தர நீதிபதியின் அறைக்குப் போய்விடும். முதல் நாளே கட்டு கைமாறிப் போனால், வெறும் வாயை மெல்லும் மைத்துனருக்கு அவல் கிடைத்த மாதிரிதான். அந்த வேடிக்கையைப் பார்க்கவே அவர் காலையில் நீதிமன்ற வராந்தாவுக்கு வந்துவிட்டார்.

முதல் வழக்கு, கடையைக் காலிசெய்யச் சொல்லிக் கட்டடக்காரர் ஒரு தையல்காரப் பெண்மணி மீது போட்டது. கட்டடக்காரருக்கு சீனியர் வக்கீல். இப்படி நியமிக்கப்பட்ட அதிகாரி எவர் முன்னாலும் அவர் சம்மதம் கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது.

"நீங்க வரவேணாம்பா" என்று மகள் சொல்லியிருந்தாள். பெரியவர் மடிப்புக் கலையாத சட்டையோடு வந்தார். மாடிப்படியில் சீனியர் எதிர்ப்பட்டார். முப்பது வருடப் பழக்கம். வாய் முந்திக்கொண்டது.

"இன்னிக்கு என் பொண்ணு உக்கார்றா சார். மறுத்துடாதீங்க. குடும்ப மானம்."

சீனியர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியேறிப் போனார்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் பெரியவருக்கு உறைத்தது. ஒரு தரப்பு வக்கீலிடம், தனியாக, வழக்கு தொடங்கும் முன்பு பேசியாகிவிட்டது. இதே காரியத்தைச் செய்த எத்தனையோ மாமனார்களையும் சித்தப்பாக்களையும் பற்றி அவர் நீதிபதியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

முன்வரிசையில் தையல்காரி வக்கீல் இல்லாமல் தனியாக உட்கார்ந்திருந்தாள். கடையிலிருந்து நேரே வந்தவள், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை மறந்திருந்தாள். படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுவாள். சீனியர் வாய் திறக்கப் போவதில்லை. யாருக்கும் தெரியாது.

யாருக்கும் தெரியாது என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. மகள் தலையில், அவளே அறியாமல், தகப்பன் கையால் ஒரு கறை. சொன்னால் இன்றைய நாளே பாழாகலாம். பாழானாலும் அது நேர்மையான பாழ்.

சட்டைப்பை டைரியில் ஒரு தாளைக் கிழித்தார். தேதி, நேரம், இடம், பேசிய வார்த்தை என்று பழைய பழக்கத்தில் வரிசையாக எழுதிக் கையெழுத்திட்டு, கிளார்க்கிடம் கொடுத்தனுப்பினார்.

மகள் மேடையில் அதைப் படித்தாள். அவள் காது மடல் சிவந்தது. சின்ன வயதிலிருந்தே கோபம் அவளுக்குக் காதில்தான் வரும். பிறகு, ஒரு எழுத்து விடாமல் அறை முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்.

"இத எழுதினவர் என் அப்பா. கடைசி பெஞ்சில இருக்கார்" என்றாள் தையல்காரியிடம். "இது தெரிஞ்சப்புறம் நான் கேக்க வேணாம்னு தோணினா கையெழுத்துப் போடாதீங்க. காரணம் சொல்ல வேண்டியதில்ல. வேற நீதிபதி கேப்பாங்க."

தையல்காரி கழுத்து நாடாவை எடுத்து விரலில் சுற்றினாள்.

"நீங்க இத வாசிக்காம மடிச்சு வச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமாம்மா?"

"தெரிஞ்சிருக்காது."

"அப்ப நீங்களே கேளுங்க" என்று படிவத்தை வாங்கிக் கையெழுத்திட்டாள்.

அறையே சீனியர் பக்கம் திரும்பியது. அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார்.

"படியில கேட்டப்ப போடவே கூடாதுன்னு இருந்தேன்" என்றார். "இப்ப போடறேன்."

அவர் பேனா தாளில் உரசிய சத்தம் கடைசி பெஞ்சு வரை கேட்டது. பெரியவருக்கு அன்று காது அவ்வளவு கூர்மை.

"இன்னொண்ணு" என்றாள் மகள். "கடைசி பெஞ்சில இருக்கற பெரியவர் வெளிய போகணும். இந்த வழக்கு முடியறவரைக்கும் உள்ள வரக்கூடாது."

அந்தக் கட்டடத்தில் அவரை யாரும் வெளியேற்றியதில்லை. எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், தலைவணங்கினார். மகளுக்குத் தலைவணங்கும் தகப்பன் அந்தக் குடும்பத்தில் கிடையாது, மேடைக்குத்தான் வணங்கினார். மேடையில் மகள் உட்கார்ந்திருந்தது அவர் குற்றமில்லை.

வராந்தாவில் மைத்துனர் நாலு பேர் காதில் விழும்படி கேட்டார்.

"என்ன அத்தான், உங்களையே துரத்திட்டாளா?"

"துரத்திட்டாங்க" என்றார் பெரியவர், முதுகை இன்னும் ஒரு விரற்கடை நிமிர்த்தி. "ஜட்ஜ் துரத்திட்டாங்க. நீ மெதுவாப் பேசு. உள்ள விசாரணை நடக்குது."