ஆற்றுப் பக்கத்துப் பலகைகள்

வடகோடிப் பனிநாடான யாகூத்தியாவின் அந்த ஆற்றோர ஊரில் மண்ணின் குளிரை அளப்பதுதான் சிலிப்பின் உத்தியோகம். வீடுகளெல்லாம் உறைமண்ணில் நட்ட தூண்கள்மேல் நிற்பவை. தளத்துக்கு அடியில் குளிர்காற்று ஓடினால்தான் மண் உறைந்து கிடக்கும், தூணும் நிற்கும். வீட்டுக்குச் சூடு வேண்டுமென்று அடியைப் பலகையால் அடைத்தவன் எவனாவது அகப்பட்டால் சிலிப் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பான்.

அப்பேர்ப்பட்டவனின் மகள் துயாராவுக்கு நவம்பரில் நெஞ்சில் சளி கட்டியது.

"மண்ணு சூடாகக் கூடாது, பெத்த புள்ள மட்டும் வெறச்சுப் போகலாமா? நல்லா இருக்குய்யா உன் நியாயம்!" என்றாள் மனைவி பல்பாரா.

மூன்றாம் நாள் அவன் பணிந்தான். ஆற்றுப் பக்கத்தில், வெளியே தெரியாதபடி முதல் தூண் வரிசைக்கு உள்ளே தள்ளிப் பலகை அடித்தான். வீடு கதகதத்தது. பிள்ளை எழுந்து ஓடினாள்.

அது ஒரே நடுச்சுவரின் இருபுறமும் இரண்டு குடும்பம் இருக்கிற வீடு. ஜனவரியில் மறுபாதிக்காரன் கெஸ்கில் வந்து நின்றான்.

"அண்ணே, உலியானாவுக்கு மூச்சு இழுக்குது. தளத்துல கால் வைக்க முடியல. கொஞ்சம் அடைச்சுக்கட்டுமா?"

உண்மை வாய் வரை வந்தது. சொன்னால் உத்தியோகம் போகும். இரண்டு பக்கமும் அடைத்தால் வீடே போகும்.

"வேணாம்டா. ஒருத்தன் அடைச்சாலும் ரெண்டு வீடும் சாஞ்சிரும். பொண்டாட்டிக்குக் கம்பளி போத்திவிடு" என்றான், பாவி.

பிப்ரவரியில் உலியானா செத்துப்போனாள். குழிக்கு மண்ணை இளக்க இரண்டு நாள் நெருப்பு எரிக்க வேண்டியிருந்தது. விறகு சுமந்தவர்களில் சிலிப்பும் ஒருவன்.

துயாராவின் இருமல் வருவதும் போவதுமாக இருந்தது. பலகையைக் கழற்ற அவனுக்கு மனம் வரவில்லை. மூன்றாம் கோடையில் நடுச்சுவர் விரல் நுழையும் அளவு பிளந்தது.

"வாண்ணே, அடியில போய் அளந்து பாத்துருவோம்" என்று டார்ச்சோடு கெஸ்கிலே முன்னால் தவழ்ந்தான். மறுக்க வழியில்லை. நாலு மீட்டர் ஆழத்தில் கடுங்கோடையிலும் இரும்பாக இருக்க வேண்டிய மண். துண்டு துண்டாகப் பூட்டி இறக்கிய துளைக்கோல் சேற்றில் போவதுபோல் இறங்கியது.

"எவ்வளவுண்ணே?"

"பூஜ்யத்துக்கு மேல போயிடுச்சு."

கெஸ்கில் டார்ச்சைத் திருப்பினான். வரிசையாகப் பலகைகள், துருப்பிடித்த ஆணிகள். தலைக்கு மேலே துயாரா தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது.

அடிப்பான் என்று சிலிப் நினைத்தான். அடித்திருந்தால் தேவலை.

"வீடு போவுது, விடு" என்றான் கெஸ்கில். "எப்படியும் சாயப்போற வீடுதானே. அன்னிக்கு எனக்கும் நாலு பலகை குடுத்திருக்கலாமேண்ணே."