கேப்டனுக்குக் கண்ணீர் அஞ்சலி

"செத்தது யாருடா? அதை மட்டும் சொல்லு. செத்தது யாரு?"

"கேப்டன், ஆத்தா. பதினோராம் கோள் கேப்டன் ஹெல்வின்."

"சாகலை ஆச்சி. இவன் சொல்றதை நம்பாதீக. உடம்பைக் காட்டுனானா? காட்டலைல்ல."

"நீ பேசாத டேவிட்டு. கதவைப் பூட்டிக்கிட்டுக் கப்பலோட சூரியனுக்குள்ள போறாரு. அப்பறம் எங்கிட்டு இருந்து வரும் உடம்பு?"

அலமேலு ஆச்சி வீட்டு முன்கட்டில் நடந்த இந்தச் சண்டை எதிர்வீடான எங்கள் வீட்டுச் சமையலறை வரை கேட்டது. அதற்கு மேலும் அங்கேயே நிற்பது சரியில்லை என்று, காப்பித்தூள் கேட்கிற சாக்கில் உள்ளே போனேன்.

அன்றைக்கு அர்ச்சனாவைப் பெண் பார்க்க வருகிற நாள். அர்ச்சனா ஆச்சியின் மகள், புதுக்கோட்டையில் கணக்கு டீச்சர். இரண்டு வரன் தட்டிப்போன பிறகு, இந்தக் காரைக்குடிப் பையன் லக்ஷ்மணனின் போட்டோவைத்தான் அவள் இரண்டாம் தடவையும் எடுத்துப் பார்த்தாள் என்று ஆச்சியே பூரித்துப்போய் என்னிடம் சொல்லியிருந்தார். பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் தெருமுனை வரை வந்தது. அங்கே நின்றது. அப்படியே ரிவர்ஸ் எடுத்துப் போய்விட்டது.

காரணம், தெருமுனையில் ஆச்சியின் மகன் கார்த்திகேயன் முதல்நாள் கட்டியிருந்த பிளெக்ஸ்.

அவனுக்கு முப்பத்திரண்டு வயது. வீட்டிலிருந்தபடியே ஏதோ சென்னைக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பான். மற்ற நேரமெல்லாம் பதினோராம் கோள். இருபத்திரண்டு வருஷமாகத் தமிழில் பேசவிட்டு ஓடுகிற வெள்ளைக்காரத் தொடர் அது. ராக்கெட், புகை, பச்சை முகம். அதற்கு மாவட்ட ரசிகர் பேரவை என்று ஒரு வாட்ஸப் குரூப். இவன் தலைவர், பஸ் ஸ்டாண்டில் செல்போன் கடை வைத்திருக்கும் ஆவூர் டேவிட் செயலாளர். மொத்தம் நாற்பத்தொரு பேர். போன வாரம் வந்த கடைசி எபிசோடில் கேப்டன் செத்தாரா, இல்லையா என்பதில் பதினாலு பேர் விலகிவிட்டார்கள்.

செத்தார் என்பது தலைவர் கட்சி. அதை ஊருக்கே நிலைநாட்டத்தான் பிளெக்ஸ். அச்சடித்தவர் வழக்கப்படி கேப்டன் நெற்றியில் விபூதியும் பூசிவிட்டார். 'தோற்றம் 2291, மறைவு 2338' என்று போட்டிருந்தது. கீழே 'ஆறாத் துயரில்' என்று கைகூப்பி நிற்கிற கார்த்திகேயனின் படம் கேப்டனைவிடப் பெரிசு.

"பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கா இதைக் கட்டுவே?" என்றார் ஆச்சி.

"அவுக வீட்டுக்குத்தானே வாராக. பிளெக்ஸ் பாக்கவா வாராக?"

அப்போது போன் அடித்தது. மாப்பிள்ளையின் தாயார். திருமயத்தில் டீக்கடை ஓரமாக வேனை நிறுத்திவிட்டுப் பேசினார். ஆச்சி ஸ்பீக்கரைப் போட்டார். எனக்கும் வசதியாக இருந்தது.

"துக்க வீட்டுக்கு எப்படி ஆச்சி பொண்ணு பாக்க வாரது? பதினாறு கழியட்டும்."

"துக்கமெல்லாம் இல்லை ஆச்சி. அவரு டிவில வர்ற ஆளு."

"டிவில வந்தா என்ன, வெளிநாட்டுல இருந்தா என்ன, பங்காளி பங்காளிதானே. வருசத்தைக்கூடத் தப்பா அடிச்சிருக்கான். தம்பி, செத்தவுக ஒங்களுக்கு என்ன முறை?"

ஆச்சி வாயைப் பொத்திக்கொள்ளும்படி ஜாடை காட்டினார். கார்த்திகேயன் தொண்டையைச் செருமினான். "இருவத்திரண்டு வருசமா எனக்கு அண்ணன் மாதிரிங்க."

"கேட்டுக்கங்க. அண்ணன்னா வீட்டுக்கே தீட்டுல்ல."

"சாகலைன்னு ஒரு வார்த்தை சொல்லுடா" என்று ஆச்சி அழுகிற மாதிரிக் கேட்டார். "ஒன் தங்கச்சி உள்ள பட்டுச்சேலை கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா."

"தலைவரா இருந்துக்கிட்டு எப்படி ஆத்தா மாத்திப் பேசுறது?"

டேவிட் போனை வாங்கிக்கொண்டான். "சாகலைங்கம்மா. நான் செயலாளர் பேசுறேன். ஏழாவது சீசன்ல பனிக்கோள்ல அவரை மாதிரியே ஒருத்தரைச் செஞ்சாங்க. சூரியனுக்குள்ள போனது அந்த நகலுதான்."

"அந்த நகல் பத்தாவது சீசன்லயே உருகிருச்சுடா."

"உருகுனது நகலோட நகல்."

"அப்பக் கேப்டன் நாலு சீசனா அழுதது யாருக்கு, ஒங்க மாமாவுக்கா?"

போனில் ஆண் குரல் ஒன்று குறுக்கிட்டது. மாப்பிள்ளையின் அப்பா கண்ணப்பன். "உடம்பு கெடைச்சுச்சா தம்பி?"

"கெடைக்கலைங்கய்யா" என்றான் டேவிட்.

"அப்பச் செத்ததாவே கணக்கில்லை. ஏழு வருசம் தகவல் இல்லாம இருக்கணும். முப்பத்தொரு வருசம் இன்சூரன்சுல இருந்தவன் சொல்றேன். தீட்டு இல்லை. வண்டியைத் திருப்பச் சொல்றேன்."

இத்தனை ரசிகர்கள் ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை, ஓய்வுபெற்ற ஒரு மனிதர் டீக்கடை வாசலில் நின்று முடித்துவைத்தார். கார்த்திகேயன், "ஐயா, அந்தக் கோள்ல ஒரு வருசங்கிறது" என்று ஆரம்பித்தான். ஆச்சி ஓடிப்போய் அவன் வாயைக் கையாலேயே பொத்தினார். நான் கேசரிக்கு முந்திரி வறுக்கட்டுமா என்று கேட்டேன்.

"அப்பச்சி, வண்டியைத் திருப்ப வேணாம்." இது லக்ஷ்மணன். தெருமுனையில் 'திருப்புங்க' என்று முதலில் சொன்னதும் இவன்தானாம். அதற்குப் பிறகு பின்சீட்டில் முகம் தொங்கிப்போய் இருந்தவனைப் பார்த்து, அடுத்தவர் துக்கத்துக்கு வாடுகிற மனசு என்று தாயார் நினைத்திருக்கிறார்.

"நான் அந்தக் கடைசி எபிசோடு இன்னும் பாக்கலை. லீவு போட்டு நிம்மதியாப் பாக்கணும்னு ஒரு வாரமா ஒரு குரூப்பையும் தொறக்கலை. இவுக ரோட்டுல பிளெக்ஸ் கட்டிச் சொல்லிட்டாக."

"ஒரு வாரமாவா பாக்காம இருக்கீக?" கார்த்திகேயனுக்கு இதுதான் அதிர்ச்சி.

"ஒங்களால பதினாறு நாள் துக்கம் காக்க முடியும், ஒரு வாரம் ரகசியம் காக்க முடியாதா?"

ஒரு வாரம் போதுமா, ஒரு மாதம் பொறுக்க வேண்டுமா என்று மூன்று ஆண்பிள்ளைகளும் பத்து நிமிஷம் வாதாடினார்கள். பெண் பார்க்கிற பேச்சு ஒருவர் வாயிலும் இல்லை. கடைசியில் மாப்பிள்ளை இறங்கிவந்தான். பேரவை குரூப்பில் தலைவர் எழுத்து மூலமாக மன்னிப்புக் கேட்டால் வருவானாம். தங்கச்சிக்காக வாயைத் திறக்காத கார்த்திகேயன், இதற்கு உடனே சம்மதித்துத் தட்டச்சு செய்யவே ஆரம்பித்துவிட்டான். ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பிக்குப் பாலை அடுப்பில் வைக்கச் சொன்னார்.

அர்ச்சனா உள்ளேயிருந்து வந்து போனை எடுத்தாள்.

"மன்னிப்பெல்லாம் வேணாங்க. இந்த வீட்ல இப்படி ஒண்ணு ஏற்கெனவே இருக்கு. அங்கிட்டும் வந்து இன்னொண்ணுக்குக் காப்பி ஆத்த என்னால ஆகாது. நீங்க டீயைக் குடிச்சிட்டு அப்படியே வீட்டுக்குப் போங்க."

போனை வைத்துவிட்டுப் பட்டுச்சேலையை மாற்றப் போனாள். ஆச்சி அதற்குப் பிறகு போட்ட சத்தத்தைக் கேட்க நான் அங்கே இருக்க வேண்டியதில்லை, எங்கள் வீட்டிலிருந்தே கேட்டது. மத்தியானம் ஒரு கிண்ணம் கேசரி வந்தது. நெய் தாராளம்.

வைகாசியில் லக்ஷ்மணனுக்குத் தேவகோட்டையில் பெண் அமைந்தது. கல்யாணத்துக்குக் கார்த்திகேயனும் டேவிட்டும் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். டேவிட் ஆவூரிலேயே ஸ்வீட்டி என்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டான். அர்ச்சனா தை மாதம் ஓசூரில் பேரிங் கடை வைத்திருக்கும் சேவுகனைக் கட்டினாள். நல்ல மனிதர், டிவியைப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிடுகிறாராம். மகளோடு பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று போன அலமேலு ஆச்சி இன்னும் திரும்பவில்லை. கார்த்திகேயனுக்குப் பெண் தேடுகிறார்கள். என்னிடமும் இரண்டு இடத்திலிருந்து விசாரித்தார்கள், தெரிந்ததைச் சொன்னேன்.